லேப்டாப்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே

நாமகிரிப்பேட்டை,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. உங்கத்தைக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது. போனில் பேசினால் நீ "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். கடிதத்தை "டவர் இல்லீங்க மாமா" என்று பாதியில் வைத்துவிட முடியாதல்லவா.

ஊரில் மஞ்சள் வேலை மும்முரமாக நடக்கிறது. நம் காட்டு மஞ்சளையும் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு மூட்டை பிடிக்க வேண்டும். உங்கம்மா வந்து தங்கி விரலி தனி, கிழங்கு தனி, பனங்காளி தனி என்று பிரித்துக் கொடுத்தாள். களத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மெதுவாக வாயைத் திறந்தாள். "பிக்கப்புக்கு என்னமோ சிப் வெக்கறானாமாண்ணா. அப்புறம் காராட்டம் பறக்குமாமா. அதுக்குத்தான் ஒரு தவணையக் கட்டாம வெச்சிருக்கறான்." எனக்குச் சுருக்கென்றது. சிப் வைப்பதற்காக அல்ல, தவணைப் பணத்தைத் தொட்டதற்காக.

அப்புறம் உன் சிநேகிதன், அந்த டாடா ஏஸ்காரனுக்குப் போன் போட்டு முழுக் கதையையும் கறந்துவிட்டேன். அவனைத் திட்டாதே, நான் கேட்ட விதத்தில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பான். இ.ஜி.ஆரைத் தகடு வைத்து அடைக்கப் போகிறாய். சைலன்சருக்குள் இருக்கும் கரி ஃபில்டரைக் குடைந்து எடுக்கப் போகிறாய். லேப்டாப்காரன் ஒருவன் டாஷ்போர்டுக்குக் கீழே ஒயரை மாட்டி, 80-க்கு மேல் போகாமல் கட்டிவைத்திருக்கிற வண்டியை 110-ல் ஓடவைக்கப் போகிறான். இதோடு பின்னால் இரண்டு ஸ்ப்ரிங் பட்டை கூடுதல், ஒரு சைஸ் பெரிய டயர். கல்யாணச் சீர்வரிசை மாதிரி நீளமாகத்தான் இருக்கிறது பட்டியல்.

இஞ்சினைத் திறந்து பார்க்கிற ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட லீவில் நாமக்கல்லில் நம் டீசல் பம்புக் கடைக்கு வந்து டெஸ்ட் பெஞ்ச் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாயே, நினைவிருக்கிறதா? பம்பு ஓட ஓட, நாலு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு ஏறுகிறதா என்று குனிந்து பார்த்து, "மூணாவது கொறையுதுங்க மாமா" என்பாய். கடைப் பையன்கள் பார்ப்பதற்கு முன்னால் உன் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கண் இன்னும் உன்னிடம் இருக்கிறது என்று நம்பித்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நீ இப்போது செய்ய நினைப்பதை அந்தக் காலத்து லாரிக்காரர்களும் கேட்டார்கள். கூண்டு கட்டி முடித்த கையோடு புது லாரி நம் கடைக்கு வந்து நிற்கும். "மாஸ்டர், தொப்பூர் மேட்டுல மூச்சு வாங்குது, கொஞ்சம் ஏத்தி விடுங்க." பம்பில் ஃபுல் லோடு ஸ்க்ரூ ஒன்று இருக்கும். கம்பெனியில் அதற்குச் சீல் வைத்துத்தான் அனுப்புவார்கள். சீலை உடைத்துக் கொஞ்சம் திருப்பினால் டீசல் கூடும், வண்டி இழுக்கும், பின்னால் வருகிறவன் முகத்தில் கரி அடிக்கும். இன்றைக்கு லேப்டாப்பில் நடப்பதும் அதே திருப்புதல்தான். ஸ்பேனர் பிடித்த கை இப்போது மவுஸைப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

டீசல் இஞ்சினில் பவர் ஏற்றுவது ஏன் இத்தனை சுலபம் என்று யோசித்திருக்கிறாயா? பெட்ரோல் இஞ்சினில் உள்ளே போகிற காற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் ஓட்டுவோம். டீசலில் காற்று ஏறக்குறைய தாராளமாகவே போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு டீசலைப் பீய்ச்சுகிறோமோ அவ்வளவு பவர். ஆகவே டீசலைக் கூட்ட யாராலும் முடியும். அது எரியக் காற்று எங்கிருந்து வரும் என்று கேட்கிறவன்தான் மெக்கானிக். காற்றுக்கு மிஞ்சிய டீசல் கரும்புகையாகப் போகும், சூடும் ஏறும். முழு லோடோடு மேடு ஏறும்போது டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு 700 டிகிரியைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியக் கலவை, சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பின்னே ஏன் உருகவில்லை? சூடு தொடுவது கண நேரம். அடுத்த கணம் புதுக் காற்று உள்ளே வருகிறது, அடியில் ஆயில் குளிர்விக்கிறது, சுற்றிலும் தண்ணீர் ஓடுகிறது. பிஸ்டன் பிழைத்துக் கிடப்பது இந்த இடைவெளியில்தான். அதைத்தான் நீ காசு கொடுத்துக் குறைக்கப் போகிறாய்.

உன் பொலேரோ பிக்கப்பில் இருப்பது 2,523 சி.சி இஞ்சின். அதிலிருந்து 75 ஹெச்.பி அளவுக்குத்தான் கம்பெனி எடுத்திருக்கிறது. இதே அளவு இஞ்சினில் கார்க்காரன் இரண்டு மடங்கு எடுக்கிறானே என்று உன் லேப்டாப்காரன் சொல்லியிருப்பான். உண்மைதான். ஆனால் கார்க்காரன் முழுப் பவரையும் எத்தனை நிமிடம் கேட்கிறான்? ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணுகிற வரைக்கும். நீ 1.7 டன்னை ஏற்றிக்கொண்டு (அதற்கு மேலும் ஏற்றுகிறாய் என்று தெரியும், அதற்குத் தனியாக வருகிறேன்) மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டே இருக்கிறாய். கம்பெனி பவரை ஒளித்துவைக்கவில்லை, ஆயுளுக்காக விட்டுவைத்திருக்கிறது. ஹெச்.பி ஏறினால் முதலில் அழுவது கிளச். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஆர்.பி.எம் ஏறும், வண்டி அதே இடத்தில் முக்கும், கருகல் நாற்றம் வரும். அப்புறம் டர்போ. அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

லேப்டாப் ரீமேப் வேண்டாம், நாமே மாட்டிக்கொள்கிற பெட்டி போதும் என்று ஒரு யோசனையும் இருந்ததாமே. அதைப் பற்றியும் கேள். காமன் ரெயிலில் டீசல் 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கிறது, முழு லோடில் 1,600 பார் வரைக்கும்கூடப் போகும். உன் பின் டயரில் இருப்பது ஐந்து பார்கூட இருக்காது. இந்தப் பெட்டி ரெயில் சென்சாருக்கும் இஞ்சின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, "அழுத்தம் குறைவாக இருக்கிறது" என்று பொய் சொல்லும். ஈ.சி.யூ அதை நம்பி இன்னும் ஏற்றும். உள்ளே உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியின் வேலையெல்லாம் அவ்வளவுதான். இதற்கு ஒரு அலுமினியப் பெட்டி, மேலே நெருப்பு மாதிரி ஒரு ஸ்டிக்கர்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மறந்துவிடக்கூடாது. ரெயில் பக்கம் கசிவு இருக்கிறதா என்று இஞ்சின் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்காதே. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை செத்துப்போய் விரலையே எடுக்கும்படி ஆகிவிடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார். அப்படியே குத்திவிட்டால் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு உட்காராதே, அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இ.ஜி.ஆருக்கு வருகிறேன். அதன் மேல் உனக்கு என்ன கோபம் என்று எனக்குப் புரிகிறது. கரி படிந்து இன்டேக் மேனிஃபோல்டு சாக்கடை ஓட்டை மாதிரி சுருங்கிப்போவதை நானும் பார்த்திருக்கிறேன். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டால் எரிகிற சூடு குறையும். சூடு குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும். அதற்காக வைத்தது. 2020 ஏப்ரல் 1-லிருந்து பி.எஸ்.6 வந்தபிறகு இது தனி வால்வு அல்ல. காற்று எவ்வளவு வருகிறது, புகை எவ்வளவு திரும்புகிறது, ஃபில்டரில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் ஈ.சி.யூ கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. நீ தகடு வைத்த மறுநாள் மஞ்சள் விளக்கு எரியும். அதை அணைக்க லேப்டாப்காரன் இன்னொரு சாஃப்ட்வேர் ஃபைல் போடுவான். அந்த ஃபைல் இன்னொன்றைக் கெடுக்கும். கடைசியில் உன் வண்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. ஒரிஜினல் ஃபைலை எடுத்துவைத்தாயா என்று கேட்டால் போனை எடுக்க மாட்டான்.

அந்தக் கரி ஃபில்டர் அடைத்துக்கொள்வதற்கு நீ பாதிக் காரணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். ஓசூருக்குள் சந்து சந்தாகப் பூக்கூடை இறக்கிக்கொண்டு, நின்று நின்று ஓட்டினால் அது எப்படிச் சூடாகும்? பாதி எரியும்போது நீ சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறாய். விளக்கு எரிந்தால் கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரே சீராக ஓட்டிவிட்டு வா. பாதி நேரம் அதுவே சரியாகிவிடும்.

சைலன்சரைக் குடைந்தால் சத்தம் வரும். சத்தத்தைக் கேட்டால் வேகமாகப் போகிற மாதிரி இருக்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நாமகிரிப்பேட்டை என்ற பெயரை உலகம் கேட்டது கிருஷ்ணன் வாசித்த நாகசுரத்தில். உன் சைலன்சர் அந்தப் பெயரைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

சட்டமும் தெரிந்துகொள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 182ஏ பிரிவை மாற்றி எழுதினார்கள். சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், இல்லாவிட்டால் இரண்டும். உன் பட்டியலில் எத்தனை மாற்றம் என்று நீயே எண்ணிக்கொள். ஃபைல் போட்டவன் பேர் ஆர்.சி புக்கில் இல்லை கண்ணு, உன் பேர்தான் இருக்கிறது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரனும் இதைத்தான் முதலில் தூக்கிப் பிடிப்பான்.

நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். அமெரிக்காவில் பெரிய பிக்கப்பை வைத்துக்கொண்டு ரோட்டையே கருப்பாக்குகிறார்களே, அதுதான். அங்கே சுற்றுச்சூழல் துறை 2020-ல் கணக்குப் போட்டபோது, பத்து வருஷத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்று வந்தது. கழற்றி விற்ற கடைகள் மேல் வழக்கு மேல் வழக்கு. தெருக்கடை மட்டுமில்லை, ராம் பிக்கப்புக்கு இஞ்சின் செய்த கம்மின்ஸ் கம்பெனியே புகைச் சோதனையை ஏமாற்றுகிற மாதிரி சாஃப்ட்வேர் வைத்தது என்ற புகாரில் 2023 கடைசியில் 167 கோடியே 50 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. நீ அனுப்பியதில் தாய்லாந்து இசுசு பிக்கப் ரேஸ் வேறு கதை. அது ரேஸ், அந்த வண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுவதில்லை. உனக்கு ரேஸ் ஆசை இருந்தால் சொல், கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

உன் கஷ்டம் வேறு என்று எனக்குத் தெரியும். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றவே லேட்டாகிறது. விடிவதற்குள் சேலம் மார்க்கெட்டுக்குப் போகாவிட்டால் வாடகையில் பிடிக்கிறார்கள். அதனால்தான் இந்த 80 உனக்கு வில்லனாகத் தெரிகிறது. சரி, கணக்குப் போடு. தர்மபுரியிலிருந்து சேலம் அறுபது கிலோமீட்டர் சொச்சம். 80-ல் போனால் அறுபது கிலோமீட்டருக்கு 45 நிமிடம், 110-க்கு அவிழ்த்துவிட்டாலும் லோடோடு சராசரி 95 என்று வைத்தால் 38. ஏழு நிமிடம் மாப்பிள்ளை! லோடு ஏற்றுகிற இடத்தில் தார்ப்பாய்க் கயிற்றுக்கு நீ தேடுகிற நேரம் அது.

அந்த ஏழு நிமிடத்துக்கு நடுவில் தொப்பூர் இருக்கிறது. நான் ராத்திரி முழித்துக்கொள்வது இதற்காகத்தான். நீ லோடோடு வருகிற பக்கம் இறக்கம். ஏறும்போது இஞ்சின் கேட்கும், இறங்கும்போது பிரேக்தான் கேட்கும். லேப்டாப்காரன் ஃபைலில் பிரேக்குக்கு என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாயா? அந்த இறக்கத்தில் எத்தனை லாரி, எத்தனை குடும்பம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த வழியில்தான் தினமும் போகிறாய்.

இதோடு அந்த ஸ்ப்ரிங் பட்டை விவகாரத்தையும் சேர்த்துப் பார். பின் அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். லோடு ஏறி வண்டி பின்னால் உட்கார்ந்தால் கம்பி அசையும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலியாக இருந்தால் குறைத்துவிடும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க. நீ இரண்டு பட்டை கூடுதலாக வைத்தால் என்ன ஆகும்? இரண்டு டன் ஏற்றினாலும் பின்பக்கம் உட்காராது. வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொள்ளும். தொப்பூர் இறக்கத்தில் முழு லோடோடு காலி வண்டியின் பின் பிரேக்கை வைத்துக்கொண்டு நிற்பாய். பட்டை வைத்துக் கொடுக்கிற பட்டறைக்காரர் எத்தனை பேர் குனிந்து அந்தக் கம்பியைப் பார்க்கிறார்கள்? உடம்பு உதறல் எடுக்கிறது எனக்கு.

ஓவர்லோடைப் பற்றித் தனியாக வருகிறேன் என்றேன். இரண்டு வரிதான். பிடித்தால் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. குச்சிக்கிழங்கு சீசனில் ஜவ்வரிசி மில்லுக்கு ஓட்டுகிறவர்கள் செய்கிறார்களே என்று சொல்லாதே, அவர்கள் அம்மா என் தங்கச்சி இல்லை.

பெரிய டயர் கதை இன்னும் வேடிக்கை. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருளும், கியர் ஏற்றிப் போட்ட கணக்கு. இழுவை குறையும். பவர் இல்லை என்று ஒரு கையால் பணத்தைக் கொட்டி ஏற்றுகிறாய், இன்னொரு கையால் டயர் போட்டு இறக்குகிறாய்.

உண்மையில் உன் வண்டிக்கு என்ன வியாதி என்று யாராவது பார்த்தார்களா? புதிதில் இதே வண்டி, இப்போது திணறுகிற மேட்டை இதே லோடோடு மூன்றாவது கியரில் ஏறியது என்று நீயே என்னிடம் பெருமையடித்திருக்கிறாய். அப்படியென்றால் பவர் இல்லாமல் இல்லை, இருந்த பவர் எங்கேயோ ஒழுகுகிறது. நம் கடைக்கு "இழுக்கவில்லை" என்று வந்த வண்டிகளில் முக்கால்வாசியில் பம்பைத் தொடவே வேண்டியிருந்ததில்லை. இன்டர்கூலர் ரப்பர் ஹோஸில் கிளாம்ப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. ஐடிலில் தெரியாது. டர்போ காற்றை அடிக்கும்போது மட்டும் வாயைத் திறக்கும், புஸ் என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை. ஹோஸின் வெளிப்பக்கம் ஆயில் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் அதுதான் இடம். அப்புறம் ஏர் ஃபில்டர். மஞ்சள் களத்துக்கும் கிழங்குக் காட்டுக்கும் போய்வருகிற வண்டிக்குக் கம்பெனிப் புத்தகத்துக் கணக்குச் சரிப்படாது. அப்புறம் டீசல் ஃபில்டரில் தண்ணீர், பூஸ்ட் சென்சாரில் கரி, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் பிடித்துக்கொள்கிற பிரேக் ஷூ, காற்றுக் குறைந்த டயர். இதெல்லாம் பார்த்து முடித்தபிறகும் இழுக்கவில்லை என்றால் இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்டுக்குக் கொடுப்போம். நாலும் ஒரே அளவாகத் திருப்பி விடுகிறதா என்று நீ கண்ணாடிக் குழாயைப் பார்த்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை லோடு எடுக்காதே. சனிக்கிழமை ராத்திரியே கிளம்பி வா. அத்தை உனக்காக நாட்டுக்கோழி பிடித்துவைத்திருக்கிறாள், முழங்கால் வலியோடு அதைத் துரத்திப் பிடித்தாள் என்பதையும் சொல்லச் சொன்னாள். விடிகாலையில் சோப்புத் தண்ணீர் போட்டு ஹோஸையெல்லாம் பார்த்துவிடலாம். மேட்டாலாப் பக்கம் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்கலாம். இறக்கத்தில் கியரைக் குறைத்து இஞ்சினால் வண்டியைப் பிடிக்கிறாயா, நியூட்ரலில் விட்டு டீசலை மிச்சம் பிடிக்கிறாயா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன். மேடு ஏறி வந்து நின்றதும் சாவியை உடனே திருப்பாமல் ஒரு நிமிடமாவது ஐடிலில் விடு. டர்போவுக்கு நீ செய்கிற பெரிய மரியாதை அது.

தவணை விஷயத்தை உங்கம்மாவிடம் இனிமேல் பேசாதே. செவ்வாய்க்கிழமை ஏலம் முடிந்ததும் விட்டுப்போன தவணையை நான் கட்டிவிடுகிறேன். தக்காளி சீசன் முடிந்தபிறகு நீ கொடு, கொடுக்காவிட்டால் கேட்பேன். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட லேப்டாப்காரனுக்குப் போகக்கூடாது. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போனது போகட்டும், மல்லுக்கட்டப் போகாதே, வண்டியை மட்டும் அவன் கையில் கொடுக்காதே.

வரும்போது வண்டிச் சாவியோடு சர்வீஸ் புக்கையும் எடுத்து வா. ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டுத்தான் வருவேன் என்றால், பழையதைத் தூக்கிப் போடாமல் ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவா. எந்தப் பக்கம் தூசி அதிகமாகப் படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமன்.